பன்னிரண்டரைக்கு வரும் படம்

"மெதுவா, மெதுவா. விரலை இழுக்காதே."

அதீபா தன் அத்தாவின் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைக்குள் செல்போன் இருந்தது. டாக்டர் வந்து பார்த்து, தாளில் நேரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் அரைமணி ஆகியிருந்தது. கத்தரி பிடித்துப் பிடித்துக் கட்டைவிரலடியில் காய்த்துப்போன கை. பாண்டி பஜாரில் ஒரே தையல் கடையில் முப்பத்தெட்டு வருஷம் கட்டிங் மாஸ்டராக நின்ற உமர் ஃபாரூக்கின் கை. உயிரோடு இருந்தபோதே அந்தக் கையிலிருந்து யாரும் எதையும் பிடுங்கிவிட முடியாது.

"வந்துருச்சும்மா," என்று போனை நீட்டினாள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த அமீனா பீ அதை வாங்கவில்லை. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீயே வச்சிக்க. திறக்காதே."

"சொல்ல வேண்டியவங்க நம்பரெல்லாம் இதுலதானேம்மா இருக்கு?"

"தெரிஞ்ச வரைக்கும் ஒன் போன்லேருந்து சொல்லு. அதைத் திறக்காதேன்னா திறக்காதே."

பெற்றவள் பேச்சு நிலை தடுமாறிக் கிடக்கிறது என்று அதீபா நினைத்துக்கொண்டு போனைத் தன் கைப்பைக்குள் போட்டாள். ஆதம்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் ஓடி வந்தவள் இன்னும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

அமீனா பீயின் பேச்சு ஒன்றும் தடுமாறவில்லை. விடியற்காலைத் தொழுகை முடித்து நாற்காலியில் உட்கார்ந்த கணவர் போனைக் கையில் எடுத்தார். அவள் டீயோடு வந்தபோது தலை சாய்ந்திருந்தது. நடுவில் கால் மணிநேரம். அந்தக் கால் மணியில் அவர் போனில் என்ன பார்த்தார்? எதைப் பார்த்துவிட்டுச் சாய்ந்தார்? அதுதான் அவள் கேள்வி.

மகன் உபைத் ஆப்பிரிக்காவில், கானா நாட்டு அக்ராவில் இருந்தான். போய் இரண்டு வருஷம். போனபோதே அத்தா ஒரு நிபந்தனை போட்டார். "கடல், கோட்டை, பெரிய பெரிய ஓட்டல் எல்லாம் எனக்கு அனுப்பாதே. அதெல்லாம் காலண்டர்ல பாத்துக்கறேன். வேலைக்கு நடந்து போறியே, அந்த வழியில நீ பாக்கறதை ஒண்ணு எடுத்து அனுப்பு." அவனும் தினம் ஒரு படம் அனுப்பினான். அங்கே காலை ஏழு மணி என்றால் இங்கே பகல் பன்னிரண்டரை. படம் வந்த பிறகுதான் மனிதர் சோற்றில் கை வைப்பார். தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, "இங்க பாரு அமீனா," என்று ஆரம்பித்தால் ரசம் ஆறிப்போகும்.

வியாழக்கிழமை படம் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. இன்றைக்குச் சனி.

பத்து மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் மாடி வீடு. படிக்கட்டு முழுக்கச் செருப்பு. உமர் ஃபாரூக்கின் தம்பி ஷரஃபுதீன் வந்ததும் எல்லாப் பொறுப்பையும் கையில் எடுத்துக்கொண்டார். கல்யாணமானாலும் சரி, மவுத்தானாலும் சரி, அவருக்குக் குரல் ஒன்றுதான்.

"சாயங்காலம் அஸர் தொழுகைக்கு எடுத்துடலாம். ரெண்டரைக்குக் குளிப்பாட்ட ஆரம்பிக்கணும். அக்கா வாணியம்பாடிலேருந்து கெளம்பியாச்சு. அதுவரைக்கும் வெயில் தாங்காது, ஃப்ரீசர் பொட்டி ஒண்ணு சொல்லியிருக்கேன். உபைதுக்குச் சொல்லியாச்சா?"

"போன் ஸ்விட்ச் ஆஃப்னு வருது சின்னத்தா," என்றாள் அதீபா.

"அங்க இப்ப மணி நாலரை. தூங்கறான். வாய்ஸ் ஒண்ணு போட்டு விடு. எழுந்து கேட்டுக்குவான்."

"போடாதே," என்றாள் அமீனா பீ.

"ஏன் மச்சி?" அண்ணன் மனைவியை அவர்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அவன் வந்து சேரப்போறதில்ல. சேதியாவது போகட்டும்."

"வேணாம்னா வேணாம்."

ஷரஃபுதீன் அதீபாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு வெளியே போனார். போட்ட சேதி அந்தப் பக்கம் போய்ச் சேராமல் அப்படியே நின்றால் என்ன செய்வது என்று அமீனா பீ அவரிடம் எப்படிச் சொல்வாள்? சொன்னால் அது நிஜமாகிவிடும்.

ஃப்ரீசர் பெட்டிக்காரர் படியேறும்போதே கத்திக்கொண்டு வந்தார். "வழி வுடுங்கோ, வழி வுடுங்கோ. ப்ளக் பாய்ண்ட் எங்க கீது சார்?" பெட்டியை வைத்து, வயரைச் சொருகி, தட்டிப் பார்த்து, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஷரஃபுதீனிடம் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் அந்தக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"இன்னிக்கு சனிக்கெழம சார். சனிப் பொணம் தனியா போவாதும்பாங்கோ. கோழிக்குஞ்சு ஒண்ணு வாங்கினு வரட்டா? பாடைல கட்டி வுட்டா தோஷம் கயிஞ்சிடும். மார்க்கெட்டாண்ட கெடைக்குது."

"யோவ், எங்க வந்து என்னய்யா பேசற? இது பாய் வீடு."

"ஐயையோ. மன்னிச்சுக்கோ பாய். வாசல்ல கோலத்தப் பாத்து ஏமாந்துக்கினேன். காலைலருந்து இது மூணாவது பொட்டி, இன்னா பண்ண சொல்றே?"

கோலம் எதிர் வீட்டு நீரஜா போட்டது. இரண்டு வீட்டுக்கும் ஒரே நடை. கூடத்தில் யாரோ 'களுக்' என்று சிரித்து, சிரித்ததை இருமலாக மாற்றினார்கள். சாவு வீட்டில் சிரிப்பு எங்கேயோ ஒளிந்துகொண்டுதான் இருக்கும்.

அமீனா பீ சிரிக்கவில்லை. கிழமையில் ஒன்றும் இல்லை, எல்லாம் படைத்தவன் கையில் என்று ஓதி வளர்ந்தவள்தான். ஆனாலும் அறுபத்திரண்டு வருஷமாக மயிலாப்பூரிலேயே இருக்கிற காது. அந்தப் பேச்சு உள்ளே போனது, போன இடத்தில் உட்கார்ந்துகொண்டது. தனியாகப் போகாதாம். அப்படியென்றால் கூட யார்?

நீரஜா டம்ளரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இருபது வருஷப் பழக்கம்.

"அமீனா, ஒரு வாய் காபி குடிங்கோ. எங்காத்துல போட்டுண்டு வந்திருக்கேன். இப்படியே உக்காந்துண்டிருந்தா நீங்களும் விழுந்துடுவேள்."

"மணி என்னங்க?"

"பன்னண்டு இருபது."

அமீனா பீ காபியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். குடிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து. முப்பது. முப்பத்தைந்து. பெட்டிக்குள் மோட்டார் உறுமியது. அதீபாவின் கைப்பை வாயைத் திறக்கவில்லை. ஒன்றேகால் ஆனது.

"அதீபா. இங்க வா. அறைக்குள்ள வா. கதவைச் சாத்து."

சாத்தினாள்.

"இப்பத் திற, ஒங்கத்தா போனை. நான் பாக்க மாட்டேன். கடைசியா என்ன வந்திருக்குன்னு நீ பாத்துச் சொல்லு."

அதீபா அப்போதுதான் அம்மாவின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். திறந்தாள்.

"ஒண்ணும் வரலம்மா. புதன்கெழமை படத்தோட நிக்குது. அதுக்கப்புறம் எல்லாம் அத்தா போட்டதுதான்."

"என்ன போட்டிருக்காங்க? படி."

"வியாழன் ஒரு மணிக்கு, 'படம் வரல தம்பி.' ரெண்டு மணிக்கு, 'வேலை அதிகமா?' ராத்திரி, 'சாப்பிட்டியா?' வெள்ளிக்கெழமை, 'இன்னிக்கும் வரல. ஒங்கம்மா ரொம்பக் கவலைப்படறா.'"

"நானா? நான் எங்கடி கவலைப்பட்டேன்? 'சார்ஜ் போயிருக்கும், சாப்பிடுங்க'ன்னுல்ல சொன்னேன்!"

அதீபா தொடர்ந்தாள். "'ஒங்கம்மா தூங்கல.' இன்னிக்குக் காலைல ஆறு இருபதுக்கு, 'தம்பி, படம் வேணாம். ஒரு வார்த்தை போடு.' அவ்வளவுதாம்மா. எல்லாம் ஒத்த டிக்தான். ஒண்ணுகூட அவனுக்குப் போய்ச் சேரல."

ஒரு பயம் போயிற்று. போனில் கெட்ட சேதி எதுவும் வரவில்லை. ஆனால் அந்தப் பயம் எழுந்த இடத்தில் அதைவிடப் பெரியது வந்து உட்கார்ந்தது. மூன்று நாளாக ஒரு ஆள் போனைத் திறக்கவில்லை என்றால்?

"அவன் கம்பெனிக்குப் போடு."

"அதான்மா, போன மாசம் கம்பெனி மாறிட்டானே. புது நம்பர் அனுப்பறேன் அனுப்பறேன்னான். பழைய ஆபீஸ்ல எடுக்க மாட்டேங்கறாங்க. அங்க வேற யாரையும்மா நமக்குத் தெரியும்?"

தெரியும் என்று அமீனா பீக்குத் தோன்றியது. யார் என்றுதான் தோன்றவில்லை. இரண்டு வருஷம் தினமும் ஒரு தெருவைப் பார்த்திருக்கிறாள். தலையில் ரொட்டித் தட்டோடு போகிறவள், பின்கண்ணாடியில் வசனம் எழுதிய வேன், சாக்கடைக்கு மேல் பலகை போட்டுத் தக்காளி விற்கிறவள், பழுப்புச் சட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லாப் படத்துக்கும் பின்னால் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டே இருக்கும். "அமீனா, அஞ்சாவது மாடி போட்டாச்சு பாரு," என்பார், ஏதோ அவர்தான் கொத்தனாருக்கு டீ வாங்கிக் கொடுத்த மாதிரி.

"தையல்காரி," என்றாள்.

"யாரும்மா?"

"அவன் ரூமுக்கு எதிர்ல ஒரு தையல்காரி. இரும்புப் பொட்டி மாதிரி கடை, நீல பெயிண்ட். இடது கையில கத்தரி பிடிப்பா. ஒங்கத்தா அதைப் பாத்துட்டுச் சோறே திங்கல. 'இடது கைக்கு இடது கைக் கத்தரி வேணும், இவ சாதாக் கத்தரியிலயே எப்படி வெட்டறா பாரு'ன்னு. கடை மேல ஒரு பலகை. கவுன் போட்ட பொம்பளை படம் வரைஞ்சு, கீழ நம்பர் எழுதியிருக்கும். நம்பர்தான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நம்பர் தெரியும். அதைத் தேடு."

கதவை யாரோ தட்டினார்கள். ஷரஃபுதீன். "மச்சி, உள்ள என்ன பண்றீங்க? எல்லாரும் ஒங்களக் கேக்கறாங்க."

"ஒரு வேலை இருக்கு," என்றாள் அமீனா பீ. புருஷன் பெட்டிக்குள் கிடக்கும்போது பெண்டாட்டிக்கு என்ன வேலை என்று வெளியே பேசுவார்கள். பேசட்டும்.

எழுநூறு படங்கள். அதீபா விரலால் தள்ளத் தள்ள அந்த ஊர் ஓடியது. "இது இல்ல. இது ரொட்டிக்காரி. இது அவன் கால் வழுக்கின இடம். இன்னும் போ. இரு! இதான்."

அதீபா பெரிதாக்கினாள். பலகை இருந்தது, நம்பரும் இருந்தது. கடைசி எண்ணை மட்டும் தொங்கவிட்ட ஒரு சின்னக் கவுன் மறைத்திருந்தது.

"பத்து தடவை போட்டுப் பாக்கலாம்மா, சைபர்லேருந்து ஒம்பது வரைக்கும்," என்றாள் அதீபா. கணக்கு டீச்சர்.

"பத்து பேர்கிட்ட என்னன்னு சொல்லுவே? மழை பேஞ்ச அன்னிக்கு ஒரு படம் இருக்கும், அதைத் தேடு. மழைன்னா துணியெல்லாம் உள்ள எடுத்துட்டிருப்பா."

இருந்தது. தெரு முழுக்கச் செந்நிறத் தண்ணீர். கடை வாசல் வெறுமை. பலகையின் கடைசி எண் ஏழு.

முதலில் போகவில்லை. பிறகு உபைதின் நம்பரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, முன்னால் இருக்கிற சைபரை எடுத்துவிட்டு அந்த நாட்டு எண்ணைச் சேர்த்துப் போட்டாள். மணி அடித்தது. எங்கேயோ கிணற்றுக்குள் அடிப்பது மாதிரி.

ஒரு பெண் குரல் எடுத்தது. அதீபா ஸ்பீக்கரில் போட்டு இங்கிலீஷில் ஆரம்பித்தாள். இந்தியாவிலிருந்து பேசுகிறேன் என்றதும் அந்தக் குரல் படபடவென்று ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

"என்னடி சொல்றா?"

"'இந்தியாவா? எனக்குப் பரிசு விழுந்திருக்குன்னு சொல்லப்போறியா? போய் வேற ஏமாளியப் பாரு'ன்னு வச்சுட்டாம்மா."

"விவரமானவதான். மறுபடி போடு. எடுத்த ஒடனே அவன் பேரைச் சொல்லு."

இந்தத் தடவை அதீபா "உபைத்! உபைத்! படம் எடுப்பானே அந்த உபைத்!" என்று கத்தினாள். அந்தப் பக்கம் குரல் மாறியது. நீளமாகப் பேசியது, சிரித்தது. அமீனா பீ மகளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரு எஸியாம்மா. அவனை நல்லாத் தெரியுமாம். அத்தாவையும் தெரியுமாம்! அத்தா உபைத் மூலமா இவளுக்குச் சொல்லி அனுப்புவாராம், சட்டைக் கைத்துணியைக் குறுக்கு விட்டு வெட்டு, அக்குள்ல பிடிக்காதுன்னு. அப்படி வெட்ட ஆரம்பிச்ச பின்னாடிதான் ஆள் வருதாம்." அதீபா நிறுத்தினாள். "மாஸ்டர் எப்படி இருக்காருன்னு கேக்கறாம்மா."

கூடத்தில் யாசீன் ஓதும் சத்தம் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது.

"வீட்டுலதான் இருக்காங்கன்னு சொல்லு," என்றாள் அமீனா பீ.

அதீபா சொன்னாள். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டாள். இப்போது அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. மெதுவாக வந்தது.

"மூணு நாளா அவனைப் பாக்கலையாம்மா. ரூம் பூட்டின மாதிரி இருக்காம். ஊருக்கு எங்கயாச்சும் போயிருப்பான்னு நெனச்சாளாம். இரு, போய்த் தட்டிப் பாக்கறேன், நானே கூப்பிடறேன்னு வச்சுட்டா."

மணி இரண்டே முக்கால். கூடத்தில் பெட்டியின் மோட்டார் சத்தம் நின்றது. மய்யித்தைக் குளிப்பாட்ட எடுத்துவிட்டார்கள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஊற்றுவதும் நிற்பதுமாக. கற்பூர வாசனை கதவுக்கு அடியில் நுழைந்தது.

"தாழ்ப்பாள் உள்ள போட்டிருந்தா?" என்றாள் அமீனா பீ.

"அம்மா, சும்மா இரேன்."

"வெளிய பூட்டியிருந்தா எங்கயோ போயிருக்கான். உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்தா? அதைக் கேக்காம விட்டுட்டியே."

"சும்மா இரும்மா!" அதீபா அழுதுவிட்டாள். காலையிலிருந்து இப்போதுதான்.

அமீனா பீக்கு அழுகை வரவில்லை. அவள் மனதுக்குள் ஒரு பேரம் நடந்துகொண்டிருந்தது. யா அல்லாஹ், ஒருத்தரைக் கொண்டுபோயிட்டே. நான் ஒண்ணும் கேக்கல. ஏன்னு கேக்கல. ஆனா இன்னைக்கு ஒண்ணு போதும். இன்னைக்கு ஒண்ணு போதும். சொல்லச் சொல்ல, தான் அவரை எவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிட்டோம் என்பது உறைத்தது. நாற்பது வருஷம் கூட இருந்தவர். ஆனாலும் பேரத்தை நிறுத்த முடியவில்லை.

கால் மணி. இருபது நிமிஷம். கதவு தட்டப்பட்டது.

"கபன் துணி போர்த்தியாச்சு. முகம் பாக்கறவங்க வந்து பாருங்க. மச்சி, நீங்கதான் மொதல்ல."

அதே நேரம் அதீபாவின் போன் ஒருமுறை அதிர்ந்தது. அழைப்பு இல்லை. படம்.

"நீ பாரு," என்று அமீனா பீ முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். "மொதல்ல நீ பாரு. எதுவா இருந்தாலும் சத்தம் போடாதே. வெளிய எல்லாரும் இருக்காங்க."

அவள் தன் நெஞ்சு அடிப்பதை எண்ணினாள்.

"அம்மா."

"சொல்லு."

"அம்மா, பாரும்மா."

திரும்பிப் பார்த்தாள். நீலக் கடையின் பெஞ்சில் உபைத் உட்கார்ந்திருந்தான். பூப்போட்ட துணி ஒன்றைக் கழுத்துவரை போர்த்தியிருந்தான். கன்னம் ஒட்டி, தாடி மண்டி, கண் உள்ளே போய்க் கிடந்தது. மடியில் ஒரு கிண்ணம். கையில் கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றது. என்னைப் போய் எடுக்கிறாயே என்று படம் எடுத்தவளைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மலேரியாவாம்," அதீபா கீழே இருந்த எழுத்தைப் படித்தாள். "மழையில போன் சாக்கடைல விழுந்துருச்சாம். ரூம்ல காய்ச்சலோட கெடந்திருக்கான். இவதான் தட்டித் தட்டி எழுப்பிக் கொண்டாந்திருக்கா. மருந்து கொடுத்தாச்சு, இனிமே பயமில்லையாம். கூப்பிட்டது யாருன்னு அவன்கிட்ட இன்னும் சொல்லலையாம். கூப்பிடறேன், பேசச் சொல்லுங்கங்கறா."

சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. அதீபா எடுத்துக் காதில் வைத்தாள். கேட்டாள். கையால் போனை மூடிக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"எஸிதான். அவன்கிட்ட குடுக்கட்டுமான்னு கேக்கறா. என்னம்மா சொல்றது?"

"இன்னும் சாப்பிடறானா?"

"ஆமா. ஏதோ கூழாம். மூணு நாளைக்கப்புறம் இப்பதான் வயித்துல நிக்குதாம்."

"சாப்பிட்டு முடிக்கட்டும்."

"அம்மா, வெளிய எடுக்கப் போறாங்கம்மா. எடுக்கறதுக்கு முன்னாடி அவன் கேக்க வேணாமா?"

"கேப்பான். மொதல்ல சாப்பிடட்டும். காத்திருக்கேன்னு அவகிட்ட சொல்லு. வைக்க வேணாம்னு சொல்லு."

அதீபா சொன்னாள். அந்தப் பக்கம் போனை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது, மேஜையாக இருக்கும். அமீனா பீ கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"மச்சி!" என்று ஷரஃபுதீன் மறுபடி தட்டினார். "நேரம் ஆகுது மச்சி. அவர் முகத்தைத் தொறந்து வச்சிருக்கு."

"வர்றேன்னு சொல்லு," என்றாள் மகளிடம்.

கதவு திறந்ததும் கூடத்தின் அழுகை அலையாக உள்ளே அடித்தது. வாணியம்பாடி நாத்தனார் தம்பி பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தாள். அமீனா பீ சட்டென்று போனில் பேசும் கீழ்ப்பக்கத்தை உள்ளங்கையால் பொத்தி, அதன் மேல் முந்தானையைச் சுற்றி, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மறுபக்கத்தைக் காதோடு வைத்தாள்.

கரண்டி கிண்ணத்தில் உரசியது. நின்றது. மறுபடி உரசியது.